கைராசி டாக்டர் சொன்ன பொய்

பிழைக்க வாய்ப்பிருந்த ஒரு மனிதரை, என் ஆராய்ச்சிக் கட்டுரை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பினேன். அவர் செத்துப்போனார்.

இதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியும். சொல்ல மாட்டேன்! நாகரிகமான சொற்களுக்குப் பின்னால் ஒளிந்தே வாழ்ந்தவன் நான். ‘நோயாளித் தேர்வு’ என்று எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. என்ன அழகான பெயர்... சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவதைப் போல மனிதர்களைப் பொறுக்குவதற்கு!

நான் நெஞ்சுக்கூட்டுக்குள் வளரும் புற்றுக்கட்டிகளை அறுத்தெடுக்கும் சர்ஜன். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த தமிழன். தொண்ணூறுகளில் பெங்களூரில் இந்த வேலையை மட்டுமே செய்தவர்கள் வெகு சிலர். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே உட்காரும் ஒரு வகைக் கட்டிதான் என் ஆராய்ச்சி. எடுப்பேன், எழுதுவேன், மாநாட்டில் காட்டுவேன். ஆரம்பத்தில் சிலரை மேஜையில் இழந்தவன்தான். ஆனால் கட்டுரைக்கென்று கணக்கு வைக்கத் தொடங்கிய பிறகு ஒருவரும் இறக்கவில்லை.

ஒருவரும்! அந்தச் சொல்லின் போதை உங்களுக்குத் தெரியுமா?

ஆயா முதல் டைரக்டர் வரை என்னைக் கைராசி டாக்டர் என்றார்கள். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று வெளியே சிரித்தேன், உள்ளுக்குள் நம்பினேன். அந்த வருடக் கடைசியில் வெளிநாட்டில் ஒரு மாநாடு. ‘ஆபரேஷன் மரணம் இல்லை’ என்ற ஒற்றை வரிக்காகவே என்னைப் பேச அழைத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மணிவண்ணன் வந்தார். சிவாஜிநகரில் தையல்காரர்களுக்கு லைனிங் துணி விற்பவர். முகம் வீங்கியிருந்தது, கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டியதும் புரிந்துவிட்டது. கட்டி, இதயத்துக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது.

என் ஜூனியர் டாக்டர் ஷைலஜா பக்கத்தில் நின்றாள். “தெகிபஹுது சார்” என்றாள். கன்னடத்தில், எடுக்கலாம் என்று. பிறகு என் தமிழுக்கே வந்தாள்: “முன்னாடி இதே மாதிரி ஒண்ணு நீங்களே எடுத்தீங்களே சார். குழாயில பேட்ச் வெச்சு... அவரு இன்னும் செக்கப்புக்கு வர்றாரே!”

எடுத்திருந்தேன். ஆம்! எனக்கு மறந்துபோகவில்லை. அந்த ஆபரேஷனில் ரத்தம் பீறிட்டதும் மறக்கவில்லை. இந்த மனிதர் என் மேஜையில் இறந்துபோனால் அந்த ஒற்றை வரி என்ன ஆகும் என்றுதான் யோசித்தேன். கட்டியைப் பற்றி யோசிக்கவில்லை, அவரைப் பற்றியும் யோசிக்கவில்லை.

“முடியாது” என்றேன். ஷைலஜா என்னையே பார்த்தாள். எரிந்து விழுந்தேன். “படம் பார்க்கக் கத்துக்கிட்டு அப்புறம் பேசு!”

நோயாளியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வீட்டாரிடம் சொல்வதுதான் எங்கள் வழக்கம். மனைவி கலாவதி உள்ளே வந்தார். கட்டி கையை மீறிவிட்டது, கரண்ட் வைத்தால், அதாவது கதிர்வீச்சு கொடுத்தால், கொஞ்ச நாள் தாங்கும் என்றேன். அவர் அழவில்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டே கேட்டார்:

“இவரு தம்பி மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு குதிக்கிறாரு சார். போலாமா? நீங்க சொன்னா போறோம், வேணாம்னா வேணாம்.”

இங்கே சற்று நில்லுங்கள். நான் செய்த உண்மையான குற்றம் இதுதான். ஆபரேஷனுக்குப் பயந்தேன் என்றால்கூட ஒரு மனிதனின் கோழைத்தனம் என்று விடலாம். ‘போய்ப் பாருங்கள் அம்மா’ என்று சொல்லியிருக்கலாமே! மூன்றே சொற்கள்! ஏன் சொல்லவில்லை? மெட்ராஸில் எவனாவது அதை எடுத்து, அந்த மனிதர் நடந்து வந்துவிட்டால்... நான் முடியாது என்றது பொய்யாகிவிடுமே!

“எதுக்கும்மா? அலைச்சல்தான் மிச்சம். இருக்கிற வரைக்கும் வீட்டுல நிம்மதியா இருக்கட்டும்” என்றேன். கனிவாகச் சொன்னேன்.

மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வயதான சர்ஜன் மட்டும், “யாரையாவது மறுத்தீர்களா?” என்று கேட்டார். “எடுக்கவே முடியாதவர்களை மட்டும்” என்றேன், கண் சிமிட்டாமல். கட்டுரை அச்சானது. ஷைலஜா தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். திமிர் பிடித்தவள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மணிவண்ணன் அடுத்த யுகாதிக்கு இல்லை.

அவர் என் மேஜையிலேயே இறந்திருக்கலாம், உண்மைதான். ஆனால் அந்த வாய்ப்பு அவருடையது அல்லவா? அதைத் தூக்கி என் பையில் போட்டுக்கொள்ள நான் யார்? நீங்களும் யோக்கியர்கள் இல்லை... உங்கள் வீட்டில் ஒருவர் படுத்தால் முதலில் என்ன கேட்கிறீர்கள்? ‘அந்த டாக்டர் கைராசிக்காரரா?’ என்றுதானே! கைராசி எப்படி வருகிறது என்று என்றைக்காவது கேட்டீர்களா? சாகக்கூடியவர்களைத் தொடாமல் விட்டால் வருகிறது! கேட்டுக்கொள்ளுங்கள்!

ஆனால் உங்கள் மேல் பாய்ந்து நான் தப்பிக்க முடியாது.

சில வருடங்கள் கழித்துக் கலாவதி மறுபடி வந்தார், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு. கூட வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஞாபகம் இருக்குதா சார்? சிவாஜிநகர், லைனிங் துணிக்கடை...”

ஞாபகம் இருக்கிறதா என்று என்னைக் கேட்கிறார்!

“இவரு என் கொழுந்தனாரு, சேகர். அன்னிக்கு நீங்க வேணாம்னு சொன்னதால நான் மெட்ராஸ் போகல. அதுலருந்து எங்கூடப் பேச்சே இல்ல சார். அண்ணனை நாந்தான் சாகக் குடுத்துட்டேன்றாரு. இப்ப பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். சித்தப்பா இல்லாம எப்படி சார்? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க... போயிருந்தா பிழைச்சிருப்பாரா?”

சேகர் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இத்தனை வருடமும் இந்தக் கேள்வியோடு ஒற்றை ஆளாக நின்றவர் அவர். படிப்பில்லை, ஸ்கேன் பார்க்கத் தெரியாது. அண்ணனைக் காப்பாற்றலாம் என்று மட்டும் தெரிந்தது.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை! பதில் தயாராகவே இருந்தது.

“எங்க போயிருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டாரு. உங்க அண்ணி செஞ்சதுதான் சரி.”

அவர் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. கலாவதியின் பக்கம் திரும்பி, “தப்பாப் பேசிட்டேன் அண்ணி... மன்னிச்சிக்கங்க” என்றார். கலாவதி அவர் தோளைத் தட்டி, “விடு தம்பி, விடு” என்று அழுதார். பிறகு என்னைக் கும்பிட்டு, “உண்மையச் சொன்னவரு நீங்க ஒருத்தர்தான் சார்” என்றார்.

கலாவதியின் நிம்மதிக்காகத்தான் பொய் சொன்னேன் என்று என்னோடு நானே எத்தனையோ முறை வாதாடிப் பார்த்தேன். ஒரு குடும்பம் ஒன்றாயிற்றே, கல்யாணம் நடந்ததே... சீ! அந்த அறையில் என் பெயரைத்தான் காப்பாற்றினேன். அது எனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் ஆரம்பம் முதல் சரியாகச் சொன்ன ஒரே மனிதரை மன்னிப்புக் கேட்க வைத்தேன்.

கல்யாணத்துக்குப் போனேன். ஆமாம், போனேன்! முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களுக்குப் பரிமாற ஆட்கள் இருந்தார்கள். என் இலைக்கு மட்டும் சேகரே வந்தார். “நல்லா சாப்பிடுங்க சார்” என்று குனிந்து குனிந்து வைத்தார். வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.