கதையின் முடிவைக் கேட்க மறுத்த பொன்னுச்சாமி அண்ணாச்சி

கடலைமிட்டாய்ப் பெட்டிகளை மதுரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பொன்னுச்சாமி அண்ணாச்சியின் மகன் அழைத்தான். “சித்தப்பா, அப்பா போயிட்டாவ” என்றான். எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கோவில்பட்டி பஜாரில் அவர் மிளகாய் வத்தல் மண்டி எப்படி நடந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். விளாத்திகுளம் சந்தையில் வத்தல் என்ன விலை போகிறது என்பதை விடிவதற்குள் விசாரித்து வைத்திருப்பார். அவரிடம் பேரம் பேசி நான் ஜெயித்ததே இல்லை.

அப்பேர்ப்பட்டவர் ஓர் ஆங்கில விண்வெளித் தொடருக்கு ரசிகர். வேறொரு நட்சத்திரத்தை நோக்கிப் போகும் கப்பல், அதற்குள் நாலைந்து தலைமுறைச் சனம். தமிழில் பேசவைத்து வாராவாரம் வரும். மில் தொழிலாளிகளும் கல்லூரிப் பிள்ளைகளும் இருந்த செல்போன் ரசிகர் குழுவில் சேர்ந்து, அவர்கள் போடும் சண்டையையெல்லாம் மண்டியில் உரக்க வாசிப்பார்.

ஒருநாள் அவர் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சாவு விழுந்தால்தான் பஜாரில் அப்படி இறக்குவோம். டீக்கடை முருகன் பதறி ஓடினான்.

“யாரு அண்ணாச்சி தவறிட்டது?”

“நம்ம கப்பல்ல வெள்ளாம பாத்த பெரியவருப்பா.”

“எந்தக் கப்பலு? தூத்துக்குடியா?”

“அதுக்கும் அங்கிட்டு.”

விஷயம் புரிந்ததும் பஜாரே சிரித்தது. நான் நேரடியாகவே கேட்டேன்: “இல்லாத மனுசனுக்குக் கடையடைப்பா? யாவாரம் என்னத்துக்காவும்?”

“யாவாரத்துக்கு நாளைக்கும் நாள் இருக்கு. அவரு இன்னைக்குத்தானல செத்துருக்காரு. உள்ள வந்து பாத்துட்டுப் பேசு.”

போய் உட்கார்ந்தேன். திரையில் கறுப்பு வெளி. அதில் பொடிப்பொடியாக வெளிச்சம். “இம்புட்டுக்குள்ள நம்ம பஜார் எங்கன கிடக்குன்னு தேடுதேன்” என்றார். நானும் தேட ஆரம்பித்தேன். அன்றிலிருந்து நானும் ரசிகன்.

தொடரின் கடைசிப் பகுதி ஆங்கிலத்தில் முதலில் வந்தது. தமிழுக்குச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் அண்ணாச்சி திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அத்தனை நாள் தாங்காது என்று டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும். சென்னையில் இருக்கும் என் மகள் ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு, முடிவை என்னிடம் சொல்லியிருந்தாள். கப்பல் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் இவர் போகக் கூடாது என்றுதான் பஸ் ஏறினேன்.

“அண்ணாச்சி, முடிவு தெரிஞ்சுபோச்சு. சொல்லட்டுமா?”

கையை உயர்த்தித் தடுத்தார். “வாயத் தொறந்தேன்னா நர்ஸம்மாவக் கூப்பிட்டு வெளிய தள்ளச் சொல்லிருவேன்.” மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, “கதைய விடு. பாத்த சனம் என்ன சொல்லுது?” என்றார்.

யோசித்துத்தான் சொன்னேன். “உலகம் பூராவும் அழுதுட்டுக் கிடக்காவ. ஆனா ஏமாந்துட்டோம்னு ஒருத்தரும் சொல்லல.”

“அப்பிடியா!” என்று கண்களை அகல விரித்து மேலே பார்த்தார். மேலே மின்விசிறியைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அவர் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு அந்தக் கடைசிப் பகுதி தமிழில் வந்தது. முடிவு தெரிந்தே பார்த்தேன், அழுதேன். நல்ல கதைதான். ஆனால் எந்த விலையையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் தூங்காத அந்த மனிதர், எல்லாவற்றிலும் பெரிய அந்த முடிவைத் தெரிந்துகொள்ளாமலே ஆசையோடு பார்த்துக்கொண்டு படுத்திருந்தாரே, அந்த முகம்தான் என்னிடம் இருக்கிறது.