நாற்பது நாள் தவணை

சிலுவைப் போர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது "கியூடெக்ஸ்" மணம்தான். வெள்ளைத் தலையணை உறையின் நடுவே அம்மாவின் சிவப்பு நகப்பூச்சால் நானும் என் வகுப்புத் தோழி நஸ்ரீனும் பெரிய சிலுவை ஒன்றைத் தீட்டிவிட்டு, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததால் சன்னலைத் திறக்கவும் வழியில்லாமல், நாங்கள் அகதிகளாக வந்து சேர்ந்த வெக்ஸ்போர்ட்டில் நஸ்ரீன் வீட்டு வரவேற்பறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் குளிர்காலத்தில்தான் ஐரோப்பாவின் பழைய அரசர்கள் எங்களுக்கு அறிமுகமானார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஏழாம் வகுப்பு. சரித்திர ஆசிரியை நாடகம் போடச் சொன்னார். கிரீடம் கிடைக்கும் என்ற ஆசையில் நஸ்ரீன் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் ஆகிவிட்டாள். மிச்சம் கிடந்த சுல்தான் சலாகுதீன் என் தலையில் விழுந்தார். முஸ்லிம் பிள்ளை சிலுவை அணிந்த அரசனாகவும் சைவப் பிள்ளை சுல்தானாகவும் நின்றதில் ஆசிரியைக்கு ஒரு விசித்திரமும் தெரியவில்லை. இரண்டும் இலங்கை, இரண்டும் தமிழ், அவ்வளவுதான். நஸ்ரீனின் அப்பா ஹனீபா அங்கிள் யாழ்ப்பாணத்தில் தையல்கடை வைத்திருந்தவர். இங்கே பகலில் தொழிற்சாலை, மாலையில் வீட்டில் காற்சட்டைக்குக் கரை மடித்தல். ஐந்து வேளை தொழுகிற அந்த மனிதர்தான் அந்தத் தலையணை உறையைச் சிலுவைப் போர்வீரனின் அங்கியாகத் தைத்துத் தந்தார்.

எங்கள் வீடு எதிர்க்கதவு. அப்பா "டபிள் அடிச்சுப்போட்டு", ஒரே நாளில் இரண்டு ஷிப்ட் வேலை முடித்து, வந்த கையோடு அவர்கள் சோபாவில் சாய்ந்து, தேநீர் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு, முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி அங்கிளை "நானா" என்று விளித்து ஒரே வசனத்தைச் சொல்வார்: "அகதி எண்டால் எல்லாரும் ஒண்டுதான், நானா." அங்கிள் இன்னும் கொஞ்சம் தேநீர் வார்ப்பார். அதை நான் சம்மதம் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஒத்திகை அவர்கள் வீட்டில் நடந்தது, அப்பா வழக்கம்போலச் சோபாவில், அங்கிள் தையல் இயந்திரத்தில். முதற்காட்சியில் ஜெருசலேம் சரணடைகிறது, கிறிஸ்தவர்கள் வெளியேறுகிறார்கள். ஆள் போதாததால் நஸ்ரீன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சனமாக மாறினாள். படுக்கை விரிப்பில் இரண்டு தலையணைகளை வைத்து, நான்கு மூலையையும் இழுத்து முடிந்து, இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பாராமல் குசினிப் பக்கம் நடந்தாள். அந்த முடிச்சை எந்த ஆசிரியையும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர்களுக்கு விளங்கட்டும் என்று நான் சுல்தானின் வசனத்தைத் தமிழில் சொன்னேன். மீட்புப்பணம் கட்ட நாற்பது நாள் தவணை, கட்டியவர்கள் தங்கள் சாமான்களோடு போகலாம்.

தையல் இயந்திரம் நின்றது. எத்தனை நாள் என்று அங்கிள் கேட்டார். நாற்பது என்றேன்.

"எங்களுக்கு ரெண்டு மணித்தியாலம் தந்தவை, பிள்ளை."

கோபமில்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு, ஆயுதம் வைத்திருந்த எங்கள் இயக்கத்துப் "பொடியள்" யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் வெளியேற்றிய கதை எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சாமான்களையும் வழியில் பறித்துக்கொண்டார்களாம்.

அப்பா கண்ணைத் திறந்திருந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் அண்டைக்குச் சந்தியிலை நிண்டனான், நானா. நீங்கள் எல்லாரும் போறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றார்.

"தெரியும், அண்ணை. சனத்துக்குள்ளை உங்களைக் கண்டனான்."

இத்தனை மாலைகளும் அது தெரிந்துகொண்டுதான் அவர் தேநீர் வார்த்தார் என்பது விளங்கியபோது எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. அதைவிடப் பெரிய பயம், அந்தக் கதவு இனி எங்களுக்குத் திறக்குமா என்பது. அங்கிள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, தேநீர் ஆறுகிறது, குடியுங்கள் என்றார். அப்பா குடித்தார். மறுநாள் வேலையால் வந்தவர் எதிர்க்கதவைப் பார்க்காமல் எங்கள் வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் தைத்து முடித்த அங்கியோடு அங்கிளே வந்து கதவைத் தட்டினார். அது நஸ்ரீன் போடவேண்டிய அங்கி, ஆனாலும் அதை என்னிடம் தந்துவிட்டு, தேத்தண்ணி போட்டாச்சு, வாங்கோ அண்ணை என்று அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா எழுந்து போனார். ஆனால் அகதி எண்டால் எல்லாரும் ஒண்டுதான் என்ற அந்த வசனத்தை அதன்பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

நாடகத்தில் சிலுவை வெடித்துச் செதில் செதிலாக மேடையில் கொட்டியது, பிள்ளைகள் சிரித்தார்கள். ரிச்சர்ட் கைதிகளை வரிசையில் வைத்து வெட்டுவித்ததையும், பணம் கட்ட வழியில்லாத சனத்தைச் சலாகுதீன் அடிமைகளாக்கியதையும் நான் வளர்ந்தபின் வாசித்தேன். இந்த அரசர்களை நினைத்தாலே எனக்கு இப்போது அலுப்பாக இருக்கிறது.

இன்று நாங்கள் பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கிறோம். வெக்ஸ்போர்ட் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், தையல் இயந்திரம் எங்கே போனதென்று நஸ்ரீனுக்கே தெரியாது, ஹனீபா அங்கிளை அடக்கம் செய்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. போன கிழமை என் மகள் அதே பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இவர்களில் நல்ல ராசா யார் என்று என்னைக் கேட்டாள். வேலையால் வந்த களைப்பில் நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சோபாவில் கண்ணை மூடிக் கிடந்த அப்பாதான் சொன்னார்.

"எத்தினை நாள் குடுத்தவன் எண்டு பார், பிள்ளை."