மேற்குச் சுவரில் ஒரு தட்டல்

யோகன் அண்ணை இறந்த செய்தி வந்தபோது ஜெர்மனியின் வால்டோர்ஃபில் ஒரு சுவர் கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலும் மின்கம்பியும் பொருத்தப்பட்டு, தொழிற்சாலையிலிருந்து லொறியில் வந்திறங்கிய முழுச் சுவர். கீழே நின்று அதை வழிகாட்டி இறக்க வேண்டியவர் அவர்தான். நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறதென்று அந்த முறை எங்களுடன் வரவில்லை. தொலைபேசியில் அவருடைய மனைவி மலர் அக்கா, "தம்பி, இவர் போயிட்டார்" என்றார். எங்கே போனார் என்று கேட்டேன். ஒரு மனிதன் இவ்வளவு மடத்தனமாகக் கேட்பானா? கிரேன்காரன் மேலிருந்து, இறக்கவா வேண்டாமா என்று கத்திக்கொண்டிருந்தான்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும், அவருடைய தொழிலை வைத்துப் பகிடி பண்ணியும் இருப்பீர்கள். மெல்லிய இரும்புத் தகட்டைச் சூடாக்காமலே மடித்து, அந்தச் சட்டங்களால் வீட்டின் எலும்புக்கூட்டை எழுப்புவது இன்று இங்கே பெருகிவருகிறது. அவரும் நானும் தொடங்கிய காலத்தில் நம் சனம் சும்மா விட்டதா? "என்ன யோகன், ஜெர்மனிக்கு வந்தும் தகரக் கொட்டிலோ?" கலியாண வீடு தவறாமல் இதே கேள்விதான். அவர் கோபிக்கமாட்டார். ஒரு கடதாசியை எடுத்து மேசையில் நிறுத்துவார், விழும். அதையே நீளவாக்கில் மடித்து நிறுத்துவார், நிற்கும். "தகரமில்லை ஐயா, மடிப்பு. மடிப்புத்தான் வீட்டைத் தாங்குது" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

இந்த வீடுகளுக்கு ஒரு குணம் உண்டு. வெயிலில் இரும்பு நீளும், வெயில் இறங்க ஒடுங்கும். இரும்பும் இரும்பும் உரசுமிடத்தில் டொக் என்று ஒரு சத்தம் வரும். அதைத் தடுக்கத்தான் இடையில் நுரைப்பட்டி ஒட்டுகிறோம். ஒருமுறை, மதுரையிலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரின் வீட்டில் பட்டி நழுவிவிட்டது. அவருடைய மனைவி பதறிப்போயிருந்தார். "சார், சாயங்காலமானா செவுத்துக்குள்ள யாரோ தட்டுறாங்க. தனியா இருக்கவே பயமா இருக்கு." யோகன் அண்ணை, "பேயில்லை தங்கச்சி. பகல் முழுக்க வந்திருந்த வெயில் இப்ப வெளிக்கிட்டுப் போகுது. கதவைச் சாத்திற சத்தம்தான் அது" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டார். அன்றே சுவரைத் திறந்து சரிசெய்து கொடுத்தோம்.

திரும்பி வரும்போது வண்டிக்குள் அவர் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்குச் சத்தம் பயம். எனக்குச் சத்தம் இல்லாட்டித்தான் பயம். ஊரில சண்டை நேரம் பங்கருக்குள்ள இருக்கேக்க, ஷெல் விழ முந்தி எல்லாம் அடங்கிப்போகும். நாய்கூடக் குலைக்காது. வீடு கதைச்சால் நிக்குது எண்டு அர்த்தம்." நான் ஆட்டோபான் சாலையில் கண்ணை வைத்தபடி, "உங்களுக்கு விசர் அண்ணை" என்றேன். அவரும் ஓம் என்று தலையாட்டினார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கொஞ்ச நாளில் மலர் அக்கா அழைத்தார். அவர்கள் இருந்தது ஹனோவருக்கு வெளியே, இதே இரும்புச் சட்டங்களால் அண்ணை தன் கையாலேயே எழுப்பிய வீட்டில். வேலை முடிந்து வந்தால் வாசலைத் தாண்டியதும் மேற்குச் சுவரில் மோதிர விரலால் தட்டுவார். குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும் அக்கா "வாறன்" என்பார். கூப்பிடுவதும் பதில் சொல்வதும் அவ்வளவுதான். "தம்பி, இப்பவும் அதே நேரத்துக்குத் தட்டிக் கேக்குது. என்னால ஏலாது. பிள்ளையள் வீட்டை வித்துப்போட்டுத் தங்களோட வரச் சொல்லினம். வீட்டுத் தரகரைச் சந்திக்க டெர்மினும் எடுத்தாச்சு. உந்தச் சத்தத்தை நிப்பாட்ட ஏலுமெண்டால் நான் இருப்பன். ஏலாட்டிப் போறன்."

நுரைப்பட்டிச் சுருளோடு போனேன். பயமில்லை என்று சொன்னால் பொய். அக்கா பக்கத்தில் நிற்க, சுவரின் உட்பலகையைக் கழற்றினேன். எல்லாச் சட்டங்களிலும் பட்டி அச்சொட்டாக ஒட்டியிருந்தது. வாசலோரச் சட்டம் ஒன்றில் மட்டும் இல்லை. நழுவவில்லை, மறக்கவுமில்லை. பட்டியை அளந்து ஒட்டி, அந்த ஓரிடத்தில் மட்டும் கத்தியால் நேராக வெட்டி உரித்து எடுத்திருந்தார். ஊராரின் சுவர்களையெல்லாம் வாய்மூட வைத்த மனிதன் தன் சுவரை மட்டும் பேச விட்டிருக்கிறார். வண்டிக்குள் அவர் சொன்னதை அக்காவுக்குச் சொன்னேன்.

அக்கா வெறும் இரும்பில் கை வைத்தார். "அப்ப இது அவர் போனாப்பிறகு துவங்கேல்லை, என்ன?"

"இல்லை அக்கா. முதல் வெயிலிலயிருந்தே இருந்திருக்கும். அண்ணை வாற நேரமும் அதுதானே. வீட்டில சந்தடியா இருந்திருக்கும், உங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்காது."

"அப்ப நான் 'வாறன்' எண்டதில எத்தினை அவருக்கு, எத்தினை சுவருக்கு?" என்று கேட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு, "மூடுங்கோ தம்பி. இருந்த மாதிரியே மூடுங்கோ" என்றார்.

மூடினேன். தேநீர் ஊற்ற அவர் உள்ளே போனார். வெயில் வேலிக்குப் பின்னால் இறங்கியது. சுவர் தட்டியது, தெளிவாக, இரண்டு தரம். குசினியிலிருந்து, "வாறன்" என்ற குரல் கேட்டது. அடுத்த நாள் அவர் டெர்மினை ரத்துச் செய்துவிட்டார்.

அந்தச் சட்டத்துக்கென்று நான் வெட்டிய நுரைப்பட்டித் துண்டு இன்னும் என் மேலங்கிப் பையில் கிடக்கிறது. அண்ணையின் நினைவாக எனக்கு மிஞ்சியது அதுவும், என் வீடும். என் வீட்டுச் சுவர்களையும் அவர்தான் நிறுத்தினார். ஓரிடமும் விடாமல் பட்டி ஒட்டியிருக்கிறார், அருமையான வேலை. வெயில் இறங்கும் நேரத்தில் நான் போய்ச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை.