நயினாரும் ஐந்து வால்வுகளும்

என் கடைக்கு டிரான்சிஸ்டரைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்த திருப்பருத்திக்குன்றத்துக்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "உங்க நயினாரு நேத்து காலையில பூட்டாருபா." கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். கடையைப் பூட்டிக்கொண்டு ஓடியும் பயனில்லை, தகனம் முடிந்திருந்தது.

காஞ்சிபுரத்தில் ரேடியோ வைத்திருந்த பலருக்கும் தரணேந்திர நயினாரைத் தெரியும். அந்தக் காலத்தில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ரேடியோ கடையில் அவரும் நானும் ஒரே மேஜையில் வேலை செய்தோம். ஒரே வயது, ஒன்றாகத்தான் தொழில் கற்றோம். பொறுமை மட்டும் அவருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. ரேடியோவுக்குள் இருக்கும் கண்ணாடிக் குழலான வால்வை நான் அவசரமாகத் திருகிப் பிடுங்கினால், "வால்வு என்ன புட்டி மூடியாபா, திருகறதுக்கு? நேரா தூக்கு," என்பார். எனக்குக் கோபம் வரும். அவர் சொன்னது சரியாக இருப்பதால் இன்னும் அதிகமாக வரும்.

எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். அய்யம்பேட்டையிலிருந்து சின்னம்மா என்றொரு அம்மாள் தன் ரேடியோவைத் தலையில் சுமந்து வந்தார். பட்டாளத்திலிருந்த மகன் விடுமுறையில் வாங்கித் தந்த பெட்டி. "புள்ள சண்டையில இருக்கறான். சாயங்காலம் செய்தி கேக்கணும்பா," என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து வால்வுகளில் ஒன்று எரியவில்லை. சுலபமான வேலை என்று நினைத்தேன். ஐந்தையும் கழற்றினேன், தூசியாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் பளபளவென்று துடைத்தேன். கண்ணாடியின்மேல் அச்சிட்டிருந்த எண்களும் தூசியோடு போய்விட்டன. எது எந்தக் குழிக்கு உரியது என்று நான் எழுதி வைக்கவில்லை. எதை எதில் செருகினாலும் உட்கார்ந்துவிடும், இடம் மாறினால் எரிந்துபோகும். நயினாரைக் கூப்பிட்டேன்.

நயினார் எழுந்து வந்து பார்த்தார். சின்னம்மாவிடம், "எங்க தப்பு ஒண்ணு ஆயிடுச்சும்மா. செய்திக்குள்ள பாட வெச்சிடறேன்," என்றார். சைக்கிளில் வேகவதி ஆற்றைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம் போய், தன் வீட்டு ரேடியோவைக் கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பினார். அதுவும் அதே வகைப் பெட்டி. அதிலிருந்த வால்வுகளில் எண்கள் அழியவில்லை. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடிக்குள் தெரியும் தகடுகளையும் கம்பிகளையும் ஒப்பிட்டு, நான்கின் இடத்தைக் கண்டுபிடித்தார். எரியாததற்கு மாற்று கடையில் இல்லை, சென்னையிலிருந்துதான் வரவேண்டும். தன் பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்துச் செருகினார்.

நயினார் சமணர்; அவர் குடும்பத்தில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள். "சாப்பிட்டுட்டு வாங்களேன், நயினாரே," என்று கெஞ்சினேன். "செய்தி நேரம் வந்துடும்பா. சோறு நாளைக்கும் இருக்கும்," என்றார். டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே விளக்கு வைத்தாகிவிட்டது. வெட்கமில்லாமல் நான் என் இட்லியைச் சாப்பிட்டேன்.

செய்தி வந்தது. சின்னம்மா பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "எம்புள்ள இருக்கற எடத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல. நல்லதுதானேபா?" என்றார். "நல்லதுதாம்மா," என்றார் நயினார். அந்தப் பிள்ளை அடுத்த விடுமுறைக்கு வந்து சேர்ந்தான்.

துக்கம் விசாரித்தபோது நயினாரின் மனைவி அழுகைக்கு நடுவில் லேசாகச் சிரித்தார். "எப்பவோ ஒரு அம்மாவோட ரேடியோவுல நம்பரையெல்லாம் இவரே துடைச்சிட்டு, எங்க வூட்டுப் பெட்டியத் தூக்கினு போனாரே, ஞாபகம் இருக்குதா? ரெண்டு மாசம் பாட்டே இல்ல. இவ்ளோ அஜாக்கிரதையா ஒரு ஆம்பளன்னு நல்லா திட்டினேன்."

"அவரே துடைச்சதா சொன்னாரா?" என்றேன்.

"ஆமா. பேசாம திட்டு வாங்கிக்கினாரு. அன்னிக்கு ராத்திரி பசி வேற."

கடையில் "எங்க தப்பு" என்று எனக்காகப் பரிந்து பேசியது எனக்குத் தெரியும். யாரும் கேட்காத இடத்தில், தன் வீட்டில்கூட என் பெயரைச் சொல்லவில்லை என்பது அன்றுவரை தெரியாது. "துடைச்சது நான்தாங்க," என்றேன்.

நயினாரின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவரிடம் இத்தனை காலம் விட்டு வைத்திருந்த என் தப்பு ஒன்று இருந்தது. அதை அன்று அவர் வீட்டிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.