யார் பார்த்தது?

ஓட்டுப் போடாமலே திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எங்களுக்கு ஓட்டுச்சாவடியான பள்ளிக்கூடத்தில் ஓட்டு மிஷின் கெட்டுவிட்டது, ஓட்டு நாளைக்குத்தான் என்று யாரோ பேசி அனுப்பியது என் போனுக்கு வந்திருந்தது. கூலி வேலைக்கு நாளைக்கு எந்த ஊரில் இருப்பேனோ.

பெட்டிக்கடை நிழலில் ஒரு பெண் மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். மை வைத்த விரலின் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தாள். போனில் வரும் வதந்திகளைச் சரிபார்க்க அவளும் கூட்டாளிகளும் அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கருவி செய்திருந்தார்களாம். எனக்கு வந்ததை அதில் போட்டுப் பார்த்தாள்.

"காலைலேந்து இதான் சுத்திகினு கீது. மிஷின் கெட்டத யாருண்ணா பாத்தது?"

"உன் மிஷினுக்குத் தெரியாதா?"

"அதுக்கு இன்னா காலா கீது? தோஸ்துங்கல்லாம் வேற ஸ்கூலுக்குப் போயிகிறாங்க. நீ போய்ப் பாரு. தெருமுனைல நின்னு, கியூவும் கடைல தொங்குற இன்னிக்கி பேப்பர் போஸ்டரும் தெரியுற மாரி போட்டோ அனுப்பு. இல்லாங்காட்டி பழைய படம்னுவானுங்க."

திரும்பி நடந்தேன். பள்ளிக்கூட வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தது. படத்தை அனுப்பிவிட்டு ஓட்டும் போட்டேன். வெளியே வந்தபோது, வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தவர்கள் நான் எடுத்து அவள் பரப்பிய படத்தைப் போனில் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் பெயரைக் கேட்கவில்லை. மறுநாள் காலை துறைமுகத்துக் கிடங்கில் மூட்டை இறக்கப் போனேன். வேலை இல்லையாம் என்று வாசலிலேயே சிலர் திரும்பினார்கள். "யாரு பாத்தது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். வேலை இருந்தது.