விரலுக்குத் தட்டுப்படாத இறால்

முதலில் குறைந்தது இறால்தான். தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பது என் தொழில். பிடித்ததைப் பறியில் (பல்லால் கடித்துக்கொள்ளும் ஓலைப்பை) போடுவோம். பழவேற்காடு ஏரியில் இருபது வருடமாகத் தடவுகிறேன். அந்தக் கோடையில் என் பறி பாதிகூட நிறையவில்லை.

பக்கத்தில் இருக்கும் துறைமுகத்தைச் சந்தேகப்பட்டேன். எங்கள் ஊரில் எது குறைந்தாலும் அந்தப் பக்கம்தான் கை காட்டுவோம். ஆனால் எனக்குப் பின்னாலேயே தடவி வரும் நாத்தனார் குமாரியின் பறி மட்டும் நிறைந்தது. அடுத்து அவளைச் சந்தேகப்பட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை.

அப்போது வந்தவர்தான் ரக்னா. நார்வே நாட்டு எழுத்தாளர், அறுபது வயதிருக்கும். கரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார்.

"இன்னாத்துக்கு அது என் கையவே பாக்குது? துறைமுகத்துக்காரன் அனுப்ச்ச ஆளா இருக்கும்" என்றேன் என் கணவரிடம்.

"சும்மா கெட. டீ வாங்கிக் குடுக்குது, குடி" என்றார்.

அந்த டீதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. கொதிக்கும் டம்ளரை மற்றவர்கள் முந்தானையால் பிடித்தார்கள். நான் வெறுங்கையால் பிடித்திருந்தேன். ரக்னா அதை வாங்கி வைத்துவிட்டு என் விரல்களைத் திருப்பினார். கொப்புளம் கண்டிருந்தது.

கூட வந்த பெண் அவர் பேச்சைத் தமிழில் சொன்னாள். ரக்னா பிறந்தது ஒரு மீனவத் தீவு. அவருடைய கொள்ளுப்பாட்டிக்கு மீன் அறுக்கும்போது கத்தி பட்டாலும் தெரியாதாம். தொழுநோய் என்று ஓர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் அவர் பேரைச் சொல்வதையே நிறுத்தினார்களாம். அந்தப் பேரைத் தேடிப் போய்த்தான் ரக்னா எழுத்தாளர் ஆனார். அப்படி மறைக்கப்பட்ட மீனவர்களைப் பற்றியவைதான் அவர் புத்தகங்கள் எல்லாம்.

எனக்குக் கோபம் வந்தது. தன் கதைக்கு ஆள் பிடிக்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் அந்த நோய் என்று அவர் நினைப்பது பொய் என்று காட்டவே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா என் கண்களை மூடச் சொன்னார். "பேனாவால தொடுவேன். தொடும்போது சொல்லுங்க."

காத்திருந்தேன். "தொடுங்கம்மா" என்றேன்.

"ஆறு தடவை தொட்டுட்டேன்."

தொழுநோய் (தோலையும் நரம்பையும் தாக்கும் கிருமி நோய்) தான். ஒரு வருடம் கூட்டு மருந்து (கிருமி தப்பாதபடி சேர்த்துத் தரும் மாத்திரைகள்). "மருந்து ஆரம்பிச்சா சீக்கிரமே பரவுறது நின்னுடும், வீட்லயே இருக்கலாம். மரத்த விரலுக்கெல்லாம் உணர்ச்சி திரும்புமான்னு மட்டும் சொல்ல முடியாது" என்றார். அழுதேன். விரல் இல்லையென்றால் எனக்குத் தொழில் இல்லை.

சிறுநீர் சிவந்தது, மேனி கறுத்தது. மாத்திரையையும் சந்தேகப்பட்டேன். நீங்களும் சந்தேகப்படுவீர்கள். விழுங்கிவிட்டுச் சந்தேகப்படுங்கள்.

குமாரியிடம் சொன்னபோது விலகி உட்காருவாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"நீ தடவிட்டுப் போன எடத்துலதான் அண்ணி நான் புடிச்சிக்கினு இருந்தேன். எனக்காக வேணும்னே வுட்டுட்டுப் போறன்னு நெனச்சேன்."

ஊருக்குத் திரும்புமுன் ரக்னா, புத்தகத்தில் என் பேரைப் போடலாமா என்று கேட்டார். ஒரு நாள் யோசித்துவிட்டு, போடச் சொன்னேன்.

மருந்து முடிந்துவிட்டது. இன்னமும், மாதத்துக்கு ஒன்றாகத் தந்த மாத்திரை அட்டையை வைத்தே மாதத்தை நினைக்கிறேன். இடது கையில் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் உணர்ச்சி திரும்பவில்லை. தினமும் மாலையில் கைகளை வெளிச்சத்தில் புரட்டிப் பார்க்கிறேன். காயத்தை இனி கண்தான் சொல்ல வேண்டும். ஏரியில் ஒரே இடத்தை இரண்டு முறை தடவுகிறேன்.

கரையேறிப் பறியை வைத்துவிட்டுச் சேலையைப் பிழிந்து வருவேன். பல்லால் கனம் பார்த்துப் பழகியவள் நான். திரும்பக் கவ்வும்போது, வைத்ததைவிடக் கனமாக இருக்கிறது. குமாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அதை மட்டும் நான் விசாரிப்பதில்லை.