போனுக்குள் அடங்காத சஹன்

ஐந்து வயதாகியும் என் இளைய மகள் ஒரு சொல் பேசியதில்லை. கண்டக்குழியிலிருந்து பஸ் ஏறிப் புத்தளத்தில் பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் போவோம். ஹோர்ன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வழிநெடுக அழுவாள். இனிப் பயிற்சி போனில்தான், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று நிலையத்தில் சொன்னபோது அல்ஹம்துலில்லாஹ் என்றேன். எவ்வளவு மடைச்சி நான்!

திரையில் வந்தவர் கொழும்பில் இருக்கும் ஒரு மிஸ். நல்ல தமிழ், நல்ல சிரிப்பு. பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்றார்.

"போன்ல பிள்ளை மட்டும் தெரியட்டும் உம்மா. மற்ற ஆக்கள் வேணாம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவளுடைய வாப்பா வந்ததும் எங்கள் வீட்டில் சஹன்தான். ஒரே பெரிய தட்டு, சுற்றி நாங்கள் நாலு பேர். இவள் தன் முன்னால் கிடக்கும் மீன் துண்டை எடுத்து என் மூத்த மகள், அவளுடைய ராத்தாவின் பக்கம் தள்ளுவாள். பிறகு ராத்தாவின் முகத்தைப் பார்ப்பாள். ராத்தாவும் ஒன்றைத் திருப்பித் தள்ளுவாள், இவள் சிரிப்பாள். அவள் எங்களோடு கதைக்கிற கதை அது ஒன்றுதான்.

போனில் தெரிந்தது என்ன? ஒரு கை அடுத்தவர் சோற்றுக்குள் போகிறது.

"மற்றவங்கட சாப்பாட்டுல கை வைக்கிறா. இத நிப்பாட்டணும். தனிப் பீங்கான் குடுத்து, தனியா இருத்துங்க."

அது எங்கட வழக்கம் மிஸ் என்று வாய்வரை வந்தது. படித்தவர் சொல்கிறார், பாடசாலையில் சேர்க்க அவருடைய கடிதம் வேண்டும், பேசாமல் இரு என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

மூன்று வெள்ளி அவளைச் சுவரோரம் தனியாக இருத்தினேன். முதல் வெள்ளி, மீனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் எழும்பி வந்தாள். தோளைப் பிடித்துத் திரும்ப இருத்தியது நான்தான். மூன்றாம் வெள்ளி எழும்பவே இல்லை. குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்தாள்.

மிஸ் திரையில் கைதட்டினார். "மாஷா அல்லாஹ் என்டு சொல்லுவீங்கதானே உம்மா? நல்ல முன்னேற்றம்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வார்த்தையைப் பாடமாக்கி வைத்திருக்கிறார், எங்கள் தட்டைப் பார்க்கத் தெரியவில்லை. பிள்ளை மட்டும் தெரியட்டும் என்று சட்டம் போட்டவரும் அவர்தான். வாயைப் பொத்திக்கொண்டிருந்த என்மீது அதைவிடக் கோபம்.

போனை நிறுத்தினேன். அடுத்த வெள்ளி அவளைச் சஹனுக்குக் கூட்டி வந்தேன். ராத்தா மீன் துண்டைத் தள்ளினாள். இவள் அதை எடுத்துத் தின்றாள், தன் பக்கத்தைத் தாண்டிக் கை நீட்டவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறோம். இன்னும் ஒரு துண்டும் திரும்பி வரவில்லை.